டனூத்தா வந்துபோகும் நாட்கள்

ஆறு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு ஒரு தாய் எவ்வளவு நேரம் இருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து நிமிடம்? போனால் போகிறது, பத்து நிமிடம்? ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில், நாலாம் மாடி வீட்டில், புஷ்பராணி அரை மணித்தியாலம் இருப்பாள். மகள் ஹம்சத்வனி தன் பாட்டில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மா, உங்கடை தலைமயிர் மூக்கிலை குத்துது" என்று இடைக்கிடை தாயின் தலையைத் தள்ளிவிடுவாள். தலை கொஞ்சம் நகரும், காது நகராது.

அவள் தேடியது ஒரு சத்தத்தை. மூச்சு வெளியே போகும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு மெல்லிய சத்தம். இருபது வருடங்களுக்கு முன்னால், ஊரில் சண்டை நடந்த காலத்தில், சனம் நிறைந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், அந்தச் சத்தத்தை அவள் ஒரு முழுக் காலையும் கேட்டிருக்கிறாள். தம்பி யோகராசாவுக்கு மூச்சு முட்டும் வருத்தம். மருந்து இல்லை. மருந்து எடுக்கப் போவதற்குப் பாதையும் இல்லை. கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் சத்தம் நின்றது. தம்பிக்குச் சுகம் வந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், 2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் குடும்ப வைத்தியர், "உங்கள் மகளுக்கு ஆஸ்மா. இங்கே நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னார். பயப்பட ஒன்றுமில்லையாம்! அவர் நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்லக்கூடாது. மூச்சு இழுக்கும்போது அடிக்க நீல நிறப் பம்ப் ஒன்று, தினமும் காலையும் மாலையும் அடிக்கச் செம்மஞ்சள் நிறப் பம்ப் ஒன்று, இரண்டையும் மாட்டி மூச்செடுக்க ஒரு பிளாஸ்டிக் குழாய், எல்லாம் எழுதிக் கொடுத்தார். குளிர்காற்றில் விடாதீர்கள் என்றார். வீட்டில் தூசி சேரவிடாதீர்கள் என்றார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். "என்னுடைய மனிதர் பியர்கூடக் குடிக்க மாட்டார்" என்று புஷ்பராணி கொஞ்சம் பெருமையோடு சொன்னாள். வைத்தியர் சிரித்து, கணினியில் ஏதோ தட்டிக்கொண்டார்.

தூசி என்ற சொல்தான் அவளுடைய நெஞ்சில் ஏறிக் குந்திக்கொண்டது. ஏனென்றால் தூசி அவளுக்குத் தெரிந்த எதிரி. பதினாறு வருடங்களாக ஒரு ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை. எந்த நிறத் துணி கழிவறைக்கு, எந்த நிறத் துணி கட்டிலுக்கு என்று நித்திரையிலும் சொல்லுவாள். மேலேயிருந்து கீழே துடைக்க வேண்டும், சுத்தமான பக்கத்திலிருந்து ஊத்தையான பக்கத்துக்குப் போக வேண்டும், காய்ந்த துணியால் துடைத்தால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது என்று புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்குக் காட்டிக்கொடுத்தவள். அவளுடைய வீட்டில் அலுமாரிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தாலும் விரல் வெள்ளையாகவே இருக்கும்.

கெட்ட காலத்தைப் பாருங்கள், அதே செப்டெம்பரில் அவளுடைய வலது தோள் போய்விட்டது. பதினாறு வருடம் தடி பிடித்துத் துடைத்த தோள். உள்ளே ஏதோ நார் கிழிந்துவிட்டது, ஆறு மாதம் கையைத் தூக்கக்கூடாது என்று சொல்லி, வேலையிலிருந்து விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூசியைப் பற்றி ஒஸ்லோவிலேயே எல்லாரையும்விடக் கூடுதலாகத் தெரிந்த மனிசி, சொந்த வீட்டில் தூசி விழுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"துப்புரவாக்க ஒரு ஆளைப் பிடிப்பம்" என்று அவள் சொன்னபோது, கணவன் குலேந்திரன் சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான். அவன் பஸ் ஓட்டுபவன். விடிய நாலரைக்கு எழும்பிப் போய், பின்னேரம் வந்து சாப்பிடுகிறவன்.

"கிளீனிங் வேலை செய்யிற மனிசியின்ரை வீட்டுக்குக் கிளீனிங்குக்கு ஆளோ? சனம் கேட்டாச் சிரிக்குமப்பா."

"சனம் சிரிக்கட்டும். சனம் வந்து என்ரை பிள்ளைக்கு மூச்சு விடுமே?"

"நான் துடைக்கிறன்தானே."

"நீங்கள் துடைச்ச வடிவைப் பாத்தனான். தூசி இந்த மூலையிலையிருந்து அந்த மூலைக்குப் போய்ச் சுகமா இருக்குது."

குலேந்திரன் சிரித்துவிட்டான். சிரித்தால் பாதி சம்மதம் என்று அவளுக்குத் தெரியும். "சரி, மாசத்துக்கு ஒருக்கால் வரச்சொல்லும்" என்றான்.

"மாசத்துக்கு ஒருக்காலோ? தூசி என்ன மாசச் சம்பளக்காரனே, மாசம் பிறக்க வாறதுக்கு?"

கடைசியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று முடிந்தது. ஒவ்வொரு இரண்டாவது புதன்கிழமையும் பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை.

வந்தவள் போலந்துக்காரி. பெயர் டனூத்தா. நாற்பது வயது இருக்கும், அகன்ற தோள், சிவந்த முகம். உடைந்த நோர்வேஜிய மொழியில் தேவைக்கு மட்டும் கதைப்பாள். முதல் நாள் அவள் வருவதற்கு முன்னமே புஷ்பராணி விடிய எழும்பி, இடது கையால் குளியலறையையும் சமையலறையையும் துடைத்து வைத்திருந்தாள். வருகிறவள் என்ன நினைப்பாள் என்ற வெட்கம்! டனூத்தா குளியலறைக்குள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே ஏற்கெனவே யாரோ வேலை செய்திருக்கிறார்கள்" என்றாள். "இல்லையே" என்று புஷ்பராணி பொய் சொன்னாள். பிறகு இரண்டு மணித்தியாலமும் அவளுக்குப் பின்னால் நிழலாகத் திரிந்தாள். தண்ணீரை எத்தனை தரம் மாற்றுகிறாள், துணியை எப்படி மடிக்கிறாள், கட்டிலுக்கு அடியில் குனிகிறாளா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, டனூத்தா வேலையில் கெட்டிக்காரிதான். குறை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அதனால் புஷ்பராணிக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

டனூத்தா போனதும் புஷ்பராணி கதவைப் பூட்டிவிட்டு, கரித்துண்டை அடுப்பில் பற்றவைத்து, தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவினாள்.

வீடு துடைத்தால் சாம்பிராணி காட்ட வேண்டும். அது காட்டாவிட்டால் அவளுக்கு வீடு துடைத்து முடியாத மாதிரி. அவளே துடைத்த காலத்திலும் வெள்ளிக்கிழமை தோறும் காட்டுகிறவள்தான். இப்போது பிறத்தியார் ஒருத்தியின் கை சாமித்தட்டிலும் பட்டுவிட்டது, அதனால் காட்டாமல் விடவே முடியாது. இன்னொன்றும் இருந்தது. சவர்க்கார மணம் அவளுக்கு வேலை மணம். பதினாறு வருடம் அந்த மணத்தோடு வீட்டுக்கு வந்தவள், அந்த மணத்தை வீட்டுக்குள் வைத்திருக்க விரும்பவில்லை. சாம்பிராணி மணந்தால்தான் இது வீடு. அறை அறையாகப் புகையைக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கும்போது, ஒன்றே முக்காலுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஹம்சத்வனி பள்ளிக்கூடத்தால் வந்தாள். புத்தகப் பையை இறக்கிய பிள்ளையை வரவேற்பறை நடுவில் நிறுத்தி, தலையைச் சுற்றி மூன்று தரம் புகையைக் காட்டி, கண்ணை மூடி, "என்ரை குஞ்சுக்கு ஒரு வருத்தமும் வரக்கூடாது, முருகா" என்று கும்பிட்டாள். குளிர்காற்று ஆகாது என்று வைத்தியர் சொன்னபடியால் யன்னல் எல்லாம் இறுகப் பூட்டியிருந்தது.

அன்று பின்னேரம் பிள்ளைக்கு இழுத்தது. அடுத்த முறை டனூத்தா வந்துபோன அன்றும் இழுத்தது.

உங்களுக்கு விளங்கியிருக்கும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு விளங்கும். புஷ்பராணிக்கு விளங்கவில்லை. அவளை மொக்கி என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, தலைமயிரைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தி எடுக்கிற சனம் நாங்கள். கிருமி சாகும், சளி இளகும், கண்ணூறு போகும் என்று தாய் சொல்லி, தாய்க்கு அவளுடைய தாய் சொல்லி வந்த புகை அது. வைத்தியர் சிகரெட்டைக் கேட்டார். சாம்பிராணியைச் சிகரெட்டோடு சேர்த்து நினைக்க அவளுக்கு எப்படி மனம் வரும்? அதோடு, முந்தி எத்தனை வெள்ளிக்கிழமை காட்டியிருக்கிறாள், பிள்ளைக்கு ஒன்றும் வந்ததில்லை. அப்போது பிள்ளை பின்னேரம் ஐந்து மணிவரை பாலர் பள்ளியில் இருந்தது, வீட்டுக்கு வரும்போது புகை போய் மணம் மட்டுமே மிஞ்சியிருந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை. பயந்த மனம் யோசிக்கும் விதமே வேறு.

அவள் இப்படி யோசித்தாள். இரண்டு கிழமையாகத் தூசி சேர்ந்து கிடக்கிறது. டனூத்தா வந்து அதைக் கிளப்பிவிடுகிறாள். கிளம்பிய தூசி பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. அப்படியென்றால் இரண்டு கிழமை கூடிப்போச்சு. சேரவிடாமல் கிழமைக்கு ஒருக்கால் துடைக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் டனூத்தா ஒவ்வொரு புதன்கிழமையும் வரத் தொடங்கினாள். பிள்ளைக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் இழுக்கத் தொடங்கியது.

புதன் பின்னேரம் நாலு மணிக்கு வெளியே இருட்டிவிடும். ஹம்சத்வனி சோபாவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டையும் காதுவரைக்கும் உயர்த்தி, மூச்சை எடுத்து எடுத்து விடுவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போகும். புஷ்பராணி கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். நிமிடத்துக்கு முப்பது. முப்பத்திநாலு. நீலப் பம்பை அடித்தால் கொஞ்சம் குறையும். குறைந்து சத்தம் நிற்கும்போதுதான் அவளுக்கு இன்னும் கூடப் பயம் வரும். உடனே மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். சத்தம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அவள் அந்தக் குளிர்காலத்தில் ஐந்து கிலோ மெலிந்துபோனாள்.

நத்தார் பண்டிகைக்கு டனூத்தா இரண்டு கிழமை போலந்துக்குப் போனாள். அந்த இரண்டு கிழமையும் பிள்ளை தாய் மறித்தும் கேளாமல் வெளியே பனியில் உருண்டு விளையாடியது, ஒரு இழுப்பும் இல்லை. பள்ளிக்கூடம் லீவுதானே, மற்றப் பிள்ளைகளின் தடிமன் தொற்றவில்லை, அதுதான் என்று புஷ்பராணி நினைத்தாள். ஜனவரியில் டனூத்தா திரும்பி வந்த முதல் புதன்கிழமை இழுப்பும் திரும்பி வந்தது.

இப்போது அவளுடைய சந்தேகம் டனூத்தாவின் மேலே விழுந்தது.

"உன் வீட்டில் பூனை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நாய்?"

"இல்லை. ஒரு அறையில் நாங்கள் மூன்று பெண்கள் இருக்கிறோம். நாய்க்கு இடமில்லை" என்றாள் டனூத்தா. முகம் இறுகிவிட்டது. அடுத்த கிழமை வாசனையில்லாத சவர்க்காரம் வாங்கி வைத்து, உன் வாளியைக் கொண்டுவராதே, என் வாளியை எடு என்று புஷ்பராணி சொன்னபோது, டனூத்தா அந்த வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அன்றும் பிள்ளைக்கு இழுத்தது.

குலேந்திரன் பஸ் ஓட்டுகிறவன், நேர அட்டவணை பார்க்கிற கண். ஒரு நாள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னான். "ராணி, நான் பாத்துக்கொண்டு வாறன். அவள் வாற நாளிலைதான் பிள்ளைக்கு வருது. கொஞ்ச நாளைக்கு அவளை நிப்பாட்டிப் பாப்பம்."

"நிப்பாட்டினால் தூசியை ஆர் எடுக்கிறது? இப்ப கிழமைக்கு ஒருக்கால் எடுத்தே இந்தப் பாடு. எடுக்காட்டி என்ன நடக்கும்?"

"என்னண்டு நடக்கும்? நத்தாருக்கு நல்லா இருந்தவள்தானே."

"உங்களுக்கென்ன, நீங்கள் விடியப் போய்ப் பின்னேரம் வாறியள். பிள்ளை மூச்சுக்கு அந்தரப்படேக்கை நான்தான் தனிய நிக்கிறன். என்ரை கையுக்குள்ளை ஒண்டு போனது காணும்."

யோகராசாவின் பெயரைச் சொல்லாமலே அவள் தம்பியைக் கதைக்குள் கொண்டுவந்துவிடுவாள். குலேந்திரன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனான்.

ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்த யோசெப்பினுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். யோசெப்பின், மன்னாரிலிருந்து வந்த கெட்டிக்காரி. "எடியே, எங்கடை வார்டிலை சுகமில்லாத பிள்ளையளின்ரை அறையை ஒவ்வொரு நாளும் துடைக்கிறம். நீ கிழமைக்கு ஒருக்கால் துடைச்சுப்போட்டு இருக்கிறாய்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். புஷ்பராணிக்குப் பகிடி தெரிகிற காலம் போய்விட்டிருந்தது. பெப்ரவரியிலிருந்து டனூத்தா கிழமைக்கு இரண்டு தரம் வந்தாள், செவ்வாயும் வெள்ளியும்.

முதல் செவ்வாய்க்கிழமை பிள்ளையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆவி மருந்து பிடித்து, குளிசை கொடுத்து, மூன்று மணித்தியாலம் வைத்திருந்து அனுப்பினார்கள். "வீட்டில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா?" என்று அங்கிருந்த இளம் வைத்தியர் கேட்டார். "முன்னரைவிட இரண்டு மடங்கு சுத்தமாக வைத்திருக்கிறோம்" என்று புஷ்பராணி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு வேறு என்ன தெரியும், பாவம்.

வெள்ளிக்கிழமை வந்தது.

வெளியில் பூச்சியத்துக்குக் கீழே பதின்மூன்று பாகை குளிர். டனூத்தா பதினொரு மணிக்கு வந்தாள். துடைக்கத் துடைக்க வீட்டில் துடைக்க இடம் மிஞ்சவில்லை. செவ்வாய்க்கிழமை துடைத்த வீடு, மூன்றே நாளில் என்ன சேரும்? ஆனால் அவளும் ரோசக்காரி. பூனை இருக்கிறதா என்று கேட்ட மனிசியிடம் இனி ஒரு குறைச்சொல் வாங்கக்கூடாது என்று நினைத்திருப்பாள். ஏணியை வைத்து ஏறி, வாசல் கதவுக்கு உள்ளே இருந்த விறாந்தையின் கூரையைத் துடைத்தாள். அங்கே இருந்த புகை அலாம் கருவிக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று மாட்டியிருந்தது. இது நம் சனத்தின் வீடுகளில் வழமையான காட்சி. செத்தல் மிளகாய் தாளித்தாலே அந்தக் கோதாரி கத்தத் தொடங்கிவிடும், கட்டடம் முழுக்க எட்டிப் பார்க்கும். ஆகவே அதற்கு ஒரு தொப்பி. டனூத்தா அந்தத் தொப்பியைக் கழற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் பிடித்திருந்தது. குப்பையில் போட்டுவிட்டு, அலாத்தைத் துடைத்துவிட்டு இறங்கினாள். ஒரு மணிக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இன்னொரு வீடு இருந்தது.

புஷ்பராணி கரியை மூட்டினாள். செவ்வாய்க்கிழமை பயந்த பயம் இன்னும் உடம்பில் இருந்தது. அதனால் அன்று சாம்பிராணியை ஒரு கை கூடவே போட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு ஹம்சத்வனி வந்து சப்பாத்தைக் கழற்றினாள். தாய் அவளை விறாந்தையிலேயே நிறுத்தி, தலையைச் சுற்றிப் புகையைக் காட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாம் சுற்றில் தலைக்கு மேலே அலாம் கத்தியது. கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல், காது கிழிந்துவிடும். ஹம்சத்வனி திடுக்கிட்டு, வாயை ஆவென்று திறந்து, பெரிய மூச்சொன்றை உள்ளே இழுத்தாள்.

அந்த மூச்சு வெளியே வரவில்லை.

புஷ்பராணி தூபக்காலை நிலத்தில் வைத்தாள். அலாத்தை நிறுத்த வலது கையைத் தூக்கினாள், தோளில் கத்தியால் குத்தியதுபோல வலித்துக் கை விழுந்தது. தும்புத்தடியை இடது கையில் எடுத்து மேலே குத்தினாள், படவில்லை. கீழே பார்த்தால் பிள்ளை சுவரில் சாய்ந்து இருந்தது. உதடு சாம்பல் நிறம். கண் இரண்டும் தாயைப் பார்த்தபடி. அலாத்தின் கத்தலில் பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை. சத்தம் இருக்கிறதா, நின்றுவிட்டதா? புஷ்பராணி குந்தி, காதை நெஞ்சில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "ஐயோ என்ரை பிள்ளை, ஐயோ என்ரை பிள்ளை" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. நீலப் பம்ப் கையில் இருந்தது, குழாயில் மாட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தரம் நிலத்தில் விழுந்தது.

கதவை யாரோ இடித்தார்கள். தவழ்ந்து போய்த் திறந்தாள். டனூத்தா. இரண்டாம் மாடியில் அலாத்தின் சத்தம் கேட்டு, நெருப்பு என்று நினைத்து ஓடி வந்தவள், மூச்சு வாங்க நின்றாள். புகை நிறைந்த வீட்டையும் சுவரோடு இருந்த பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள், புஷ்பராணியும் பின்னால் வந்ததும் கதவைச் சாத்தினாள், அவளுடைய கையிலிருந்த பம்பை வாங்கிக் குழாயில் மாட்டினாள், பிள்ளையின் வாயில் வைத்து அழுத்தினாள். போலந்து மொழியில் ஏதோ சொல்லிச் சொல்லி எண்ணினாள். மறு கையால் அம்புலன்சுக்கு அடித்தாள்.

ஆறாவது தடவைக்குப் பிறகு பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரே நாள் அதுதான். புஷ்பராணி படியில் குந்தி ஓவென்று அழுதாள்.

"அது என்ன புகை?" என்று டனூத்தா கேட்டாள்.

"அது... சாமிக்கு. வீட்டுக்கு. சுத்தம் செய்த பிறகு காட்டுவது."

"எப்போது?"

"நீ போன பிறகு. ஒவ்வொரு தரமும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. ஒவ்வொரு தரமும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால். பிறகு கிழமைக்கு ஒருக்கால். பிறகு இரண்டு தரம். வாயைப் பொத்திக்கொண்டாள். டனூத்தா அவளைப் பார்த்தாள். பூனை இருக்கிறதா என்று கேட்டதற்கெல்லாம் சேர்த்து அவள் அப்போது என்னவும் சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். குலேந்திரன் பஸ் சீருடையோடு ஓடி வந்தான். ஒட்சிசன் குழாய் மாட்டிய பிள்ளைக்குப் பக்கத்தில் புஷ்பராணி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று பயந்தாள்; திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் சீருடைத் தொப்பியைக் கையில் வைத்து உருட்டினான்.

"நானும்தானே பின்னேரம் வந்து மணந்தனான். நல்ல மணம் எண்டுதானே இருந்தனான்" என்றான்.

"புகையை நான்தான் காட்டினனான். என்ரை கையாலை. தம்பிக்கு மருந்து இல்லாமல் போச்சு. இவளுக்கு எல்லாம் இருக்க, நான்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"விடும் ராணி. பிள்ளை எழும்பப்போறாள்."

வைத்தியர் பெண் ஒருத்தி வந்து, புகை எதுவானாலும் கூடாது, சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுதிரி எல்லாம் சேர்த்துத்தான் என்று பொறுமையாகச் சொன்னாள். சாதாரண வீடு சாதாரணமாகத் துடைத்தாலே போதும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் குலேந்திரன் தூபக்காலைக் கழுவித் துடைத்து, பையில் சுற்றி நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தான். அலாத்துக்குத் தொப்பி போடவில்லை. தாளிக்கும்போது ஒருவர் யன்னலைத் திறந்துகொண்டு நிற்பது என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை டனூத்தா தொலைபேசியில் கேட்டாள். "நாளைக்கு வரவா? இல்லை நிறுத்தவா?"

புஷ்பராணிக்கு, கிழமைக்கு ஒருக்கால் என்று நாக்கு நுனிவரை வந்தது. பயம் இன்னும் போகவில்லை, பயத்துக்கு எப்போதும் கூடவே வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, "இரண்டு கிழமைக்கு ஒருமுறை" என்றாள். "முதலில் இருந்த மாதிரி. துடைத்து முடிய ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போக வேண்டும்." டனூத்தா சிரித்தாள். அவள் சிரித்துப் புஷ்பராணி கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரம் தாய் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது ஹம்சத்வனி கேட்டாள், "அம்மா, இனிமேல் உந்தப் புகை இல்லையோ?"

"இல்லை குஞ்சு. இனி இல்லை."

"நல்லது. எனக்கு நாப்பதுக்கு மேலை ஏலாது."

"என்ன நாப்பது?"

"மூச்சு. நீங்கள் புகையைச் சுத்தேக்கை நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். மனசுக்குள்ளை நாப்பதுமட்டும் எண்ணுவன். நீங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டு முடிய ஐம்பது ஆகும். அதுக்குள்ளை கொஞ்சம் உள்ளுக்குப் போயிடும்." பிள்ளை கணக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னது.

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. "புகையாலைதான் இழுக்குதெண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

ஹம்சத்வனி திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "சொன்னால் நீங்கள் பயப்பிடுவியள்."

புஷ்பராணி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு வயது. தன் மூச்சை அடக்கிக்கொண்டு, தாய் பயப்படாமல் காவல் காத்திருக்கிறது. தான் அரை மணித்தியாலம் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டதெல்லாம் என்ன கேட்டல் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இஞ்சை பார் குஞ்சு. அம்மா பயந்தாலும் பறவாயில்லை. பயந்தவை ஒருத்தரும் சாகிறேல்லை. நீ எல்லாத்தையும் சொல்ல வேணும். விளங்குதோ?"

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

பிள்ளை மடியில் நிமிர்ந்து இருந்தது.

"அப்பிடியெண்டா, இப்ப கொஞ்சம் இழுக்குது அம்மா."

"அம்மாவுக்குப் பயமாத்தான் இருக்கு" என்று புஷ்பராணி சொன்னாள். நீலப் பம்பை எடுத்துக் குழாயில் மாட்டினாள், பிள்ளை வாயைத் திறந்தது, இருவரும் சேர்ந்து மூச்சை எண்ணத் தொடங்கினார்கள்.